வலப்பக்கம் சாயும் நடை

பிப்ரவரி 2

அப்பாவின் காலடிச் சத்தம் மாறியிருக்கிறது. விடியற்காலையில் அவர் கொல்லைக்குப் போய்த் திரும்பும்போது கவனித்தேன். முன்பெல்லாம் இரண்டு கால்களுக்கும் ஒரே சத்தம்தான். இப்போது இடது கால் நிதானமாக ஊன்றுகிறது, வலது கால் சூடான தரையை மிதித்ததுபோல் சட்டென்று எழுந்துவிடுகிறது. நீளம், குறுக்கம். நீளம், குறுக்கம். பாதித் தூக்கத்தில் அதை ஏதோ ஒரு செய்யுள் என்று நினைத்து, அடுத்த சொல் வரட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "புதுச் செருப்பு கடிக்குது" என்றாள்.

அப்பா வெறுங்காலோடு இருந்தார்.

பிப்ரவரி 6

எங்கள் ஊர்ப் பெருமாளுக்குச் சொந்தமாகக் கால் கிடையாது என்று கலியன் சொல்வான். மற்ற நாளில் எட்டு ஜோடி இரவல் கால்கள், குதிரை வாகனத்தன்று மட்டும் பதினாறு ஜோடி.

அந்தக் கால்களில் ஒரு ஜோடி அப்பாவுடையது. சாமியின் பல்லக்கையும் வாகனங்களையும் தோளில் சுமக்கிறவர்களைச் சீர்பாதக்காரர்கள் என்பார்கள். கலியனும் அவர்களில் ஒருவன்தான், வயதில் சின்னவன். அப்பா அரசு விதைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் கோயிலில் ஓய்வு என்று ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் தோள் கொடுத்தவருக்கு இப்போது அறுபத்து மூன்று. அவருடைய இடம் முன்வாரையில் வலப்பக்கம். வாரை என்றால் வாகனத்தை ஏற்றிக் கட்டும் நீள மூங்கில். அதன் முன்நுனியில் நிற்பவர் எப்படி அடி வைக்கிறாரோ அப்படித்தான் மற்றவர்களும் வைக்க வேண்டும். குகையை விட்டு வரும் சிங்கம்போல் தயங்கித் தயங்கி ஒரு நடை உண்டு. பாம்புபோல் வளைந்து ஒரு நடை உண்டு. பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் குதிரை வாகனம் சன்னதித் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடும். இங்கே யாரும் "சாமி பாத்தியா" என்று கேட்பதில்லை. "நடை பாத்தியா" என்றுதான் கேட்பார்கள்.

இன்று மாலை பல்லக்குப் புறப்பாடு. காய் வாங்கப் போனவள் கொஞ்சம் நின்றேன். பல்லக்கின் மேலே பிடித்திருந்த வெள்ளைக் குஞ்சம், இரண்டு அடிக்கு ஒருமுறை வலப்பக்கம் ஒரு விரற்கடை சரிந்து நிமிர்ந்தது. தெருவில் இருக்கிற ஒவ்வொருவரையும் தெரிந்தவர்போல் பெருமாள் மெல்லத் தலையசைத்துக்கொண்டே போனார். சாம்பிராணிப் புகைக்குள் அவர் மறைந்த பிறகும் அந்தத் தலையசைப்பு என் கண்ணில் இருந்தது.

காய் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10

எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனோம். என் வயதைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும் அந்த அம்மாவுக்கு.

"எவ்வளவு நாளா வலி?"

"வலின்னு இல்லம்மா. காலையில எந்திரிச்சா ஒரு பிடிப்பு. நாலு அடி வச்சா விட்டுரும்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"நாலு" என்றாள் அம்மா, சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபடி.

மருத்துவர் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பறவையைக் காட்டுவதுபோல் தாழ்ந்த குரலில் காட்டினார். "முட்டி முழுசா நீளலை பாருங்க. அதனால அடி சின்னதாயிருச்சு. ஒரு காலைத் தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு காலும் தரையில கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கு. உடம்பு வலப்பக்கம் சாயுது. வலிக்கிற கால் மேலேயே ஏன் சாயணும்னு தோணும். அப்படிச் சாஞ்சா முட்டியோட உள்பக்கத்துல இறங்குற சுமை குறையும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரலை. உடம்பே கண்டுபிடிச்சுக்கிட்டது."

எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இடது முட்டியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. வலது முட்டியின் உள்பக்கம் அந்தக் கோடு இல்லை. மூட்டுத் தேய்மானம் என்றார். "நடக்கிறதை நிறுத்திராதீங்க, அது தப்பு. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தரேன், தினமும் செய்யணும். கம்பு வச்சுக்கங்க, இடது கையில. சுமை மட்டும் தூக்கக் கூடாது."

"சாமி சுமையில சேராதும்மா."

"உங்களுக்குச் சேராது. முட்டிக்கு அது தெரியாதுல்ல?"

பேருந்தில் அப்பா சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. "பங்குனி வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாத. குதிரை முடியட்டும்" என்றார்.

"குதிரையில ஓடணுமேப்பா."

"ஓடுவேன்."

முன்வாரையில் நிற்பவர் கால் மடங்கினால் மற்ற பதினைந்து பேரும் அவர்மேல்தான் விழ வேண்டும். சாமியும்தான். இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சொன்னவரே அவர்.

பிப்ரவரி 11

தைலம் தடவிக்கொள்ளவே இல்லை என்கிறார். வீடே தைலமாக மணக்கிறது.

பிப்ரவரி 18

நூலகத்தில் புதிய புத்தகக் கட்டு வந்தது. நாள் முழுக்க எண் ஒட்டினேன். நான் இங்கே நூலகர். எனக்கு உதவிக்கு ஒரு மின்விசிறி உண்டு, அது நினைத்தால் சுற்றும்.

தபால்காரர் சொன்னார்: "ஒங்கப்பா இப்ப எவ்வளவு பிரியமாப் பேசுறாரும்மா. முன்னயெல்லாம் தலையாட்டிட்டுப் போயிருவாரு. இப்ப வீட்டுக்கு வீடு நின்னு விசாரிக்கிறாரு."

மாலை அவர் பின்னாலேயே வர நேர்ந்தது. பலசரக்குக் கடைக்காரரிடம் மழை பற்றி. அடுத்து நாலாவது வீட்டில், மருமகளுக்கு உடம்பு எப்படி என்று. அப்புறம் சைக்கிள் கடை. அப்புறம் யாருமே இல்லாத இடத்தில், காகிதம் ஒட்டிய சுவர் ஒன்றை முழுதாகப் படித்தார். நாற்பது அடிக்கு ஒரு பிரியம். நான் எண்ணவில்லை, தானாக எண்ணிக்கை வந்தது.

விடியும் நேரத்தில் ஒரு கனவு. எங்கள் தெரு முழங்கால் வரை தண்ணீராகிவிட்டது. பல்லக்கு படகுபோல் தானாக மிதந்து போகிறது. வாரையில் யாரும் இல்லை. அப்பா கரையில் நின்று, "அடி தப்புது, அடி தப்புது" என்கிறார். தண்ணீருக்கு ஏது அடி?

பிப்ரவரி 25

மிளகாய் அரைக்க வேண்டியிருந்தது. அம்மா போன வாரம்தான் அரைத்தாள் என்பது மில்லுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மாவு மில் வீரப்பெருமாள் மாமாவுடையது. சீர்பாதக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். யார் எந்த இடத்தில் தோள் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். புருவம் வரை கோதுமை மாவு.

"என்ன குமுதா, காலிப் பையை அரைக்க வந்திருக்க?"

சொல்லிவிட்டேன். மருத்துவர், எக்ஸ்ரே, எல்லாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். திடீரென்று வந்த அமைதியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அவரை முன்வாரையிலேர்ந்து எடுத்துருங்க மாமா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? அவரு முட்டி மடங்குறது எங்க தோள்ல தெரியும்மா. வாரை வழியா வந்துரும். நாலு மாசமாத் தெரியும்."

"பின்னே ஏன்..."

"நீ போயி சொல்லு, சௌரி அண்ணே, நீங்க ஒதுங்கிக்கங்கன்னு. எனக்கு வாய் வராது. நான் வாரை புடிக்கக் கத்துக்கிட்டதே அவரு முதுகப் பாத்துத்தான்." கொஞ்ச நேரம் மாவுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு பண்ணலாம். விடு, நான் பாத்துக்குறேன்."

என்ன என்று கேட்டேன். இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

மார்ச் 4

குஞ்சம் சரியவில்லை.

மாலைப் புறப்பாட்டில் பூக்கடை ஓரமாக நின்றிருந்தேன். பல்லக்கு வந்தது. மிக மெதுவாக வந்தது. தலையசைப்பு இல்லை. அதற்குப் பதில் மொத்தப் பல்லக்கும் வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து, ஒரு கணம் அப்படியே நின்று, திரும்பி வந்தது. மறுபடி சாய்ந்தது. தூக்கம் வரும் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டுவதுபோல. சாம்பிராணிப் புகையும் கூடவே சாய்வதுபோல் இருந்தது.

கோயில் முக்கு திரும்பும்போதுதான் கால்களைப் பார்த்தேன். எட்டுப் பேரும் வலது முட்டியை நீட்டாமல், சின்ன அடியாக வைத்து, வலப்பக்கம் சாய்ந்து நடந்தார்கள். இருபத்தெட்டு வயதுக் கலியனுக்கும் அறுபத்து மூன்று வயது முட்டி. ஏழு பேர் ஒரே மாதிரி நொண்டினால் எட்டாவது ஆளின் நொண்டல் தெரியாது.

புகை கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் முகம் கழுவினேன்.

மார்ச் 9

ஊருக்குப் புது நடை பிடித்துவிட்டது. நூலகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "அது அன்னநடையம்மா. பழைய காலத்துல இருந்திருக்கணும், நடுவுல விட்டுப்போயிருக்கு" என்றார். தினத்தாள் படிக்க வருகிறவர்கள் தலையாட்டினார்கள். நான் பேரேட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். "பசங்களுக்கு இப்பத்தான் அடி ஒழுங்கா வருது. முன்னால நிக்கிறவன் காலப் பாருங்கடான்னு எத்தனை வருஷமாக் கத்துறேன். இப்ப நான் எப்படி வைக்கிறேனோ அப்படியே வைக்கிறானுவ. பின்னால ஆளு இருக்குறதே தெரியல. எறகு மாதிரி இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

"குதிரைக்கு ஓட்டம் பிரமாதமா இருக்கப்போவுது, பாரு" என்றார்.

மார்ச் 15

கலியன் நூலகத்துக்கு வந்தான். அவன் புத்தகம் எடுத்து நான் பார்த்ததில்லை. வர்ணம் அடிப்பது அவன் தொழில். நாற்காலியில் உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஒங்கப்பா முட்டி எனக்கு வந்துருச்சு."

"டாக்டரப் பாத்தியா?"

"என்னன்னு சொல்லுவேன்? சாமிக்காக நொண்டுனேன்னா? சாரத்து மேல ஏறினாலும் அப்படியே சாயுது. வீட்டுல எம்பொண்டாட்டி, இது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா, மறைச்சுட்டீங்களான்னு கேக்குறா."

இருவரும் சிரித்தோம். அப்புறம் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"பல்லக்குன்னா சமாளிக்கலாம். குதிரைக்கு என்னக்கா பண்றது? நொண்டிக்கிட்டே ஓட முடியாது. வீரப்பெருமாள் அண்ணனும் பேச மாட்டேங்குறாரு. சௌரி அண்ணன் விழுந்தா, நாங்க நேரா நடந்தாலும் விழுவோம், சாஞ்சு நடந்தாலும் விழுவோம்."

முட்டி வலி பற்றி ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "படம் இல்லையா?" என்றான்.

மார்ச் 16

அப்பா பயிற்சி செய்கிறாரா என்று அம்மா கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, இறக்குகிறார். எண்ணும் குரல் வெளியே கேட்கிறது. ஏழில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து எட்டு வருகிறது.

மார்ச் 22

காலையில் வெள்ளோட்டம். திருவிழாவுக்கு முன்னால் குதிரை வாகனத்தில் சாமிக்குப் பதில் நெல் மூட்டை கட்டிச் சன்னதித் தெருவில் ஓட்டிப் பார்ப்பார்கள். எனக்கு நூலகத்துக்கு அந்த வழி சுற்றுதான். இருந்தாலும் போனேன்.

வெயில் இன்னும் ஏறவில்லை. தெருவின் ஒரு பக்கம் கோயில் மதில், வெள்ளையடித்து முடித்து நாலு நாள்தான் ஆகிறது. எதிர்ப்பக்கத்து வீடுகளின் இடைவெளியில் சூரியன் வந்து மதில்மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா முன்னால் நின்று "ஏலா" என்று குரல் கொடுத்தார். பதினாறு தோள்கள் எழும்பின. குதிரை புறப்பட்டது. மெதுவான நடை முதலில், அந்த அன்னநடை. பிறகு வேகம் கூட வேண்டிய இடம் வந்தது.

இரண்டு அடி ஓடினார். மூன்றாவது அடிக்கு முட்டி வரவில்லை. அப்படியே நின்றார், வலப்பக்கம் சாய்ந்து. பின்னால் பதினைந்து பேரும் அதே சாய்வில் நின்றார்கள்.

முன்வாரைக்காரர் திரும்பிப் பார்க்க முடியாது. வாரை கழுத்தோடு இருக்கும். அப்பா முகத்தைத் துடைக்க மதில் பக்கம் தலையைத் திருப்பினார். மதிலில் நிழல்கள் இருந்தன. ஒரு பெரிய குதிரை, அதற்குக் கீழே வரிசையாகப் பதினாறு ஆட்கள். பதினாறும் ஒரே பக்கம் சாய்ந்த, முட்டி மடங்கிய, கிழவர்கள்.

அவர் வலது காலை மெல்ல எடுத்து ஒரு அடி வைத்தார், மதிலைப் பார்த்தபடியே. பதினைந்து நிழல்களும் நொண்டி ஒரு அடி வைத்தன. இன்னொரு அடி. மறுபடியும் அப்படியே. கண்ணாடி முன்னால் குழந்தை கையை ஆட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

"எறக்குங்கடா" என்றார். யாரையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் யாரிடமும் நின்று பேசவில்லை.

மார்ச் 23

"அவனுவகிட்ட யாரு சொன்னது?"

"குழம்பு ஆறுது" என்றாள் அம்மா.

"நான்தான்ப்பா."

தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "லைப்ரரியில சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கீங்கல்ல?"

"ஆமா."

"வீட்டுலயும் ஒண்ணு மாட்டு."

அவர் எழுந்து போன பிறகு அம்மா சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்." என்னைத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் குரல் அப்படி இல்லை. நாலு வருஷமாகத் தெரிந்தவள் அவள்.

மார்ச் 24

கொடியேற்றம். அப்பா தனியாகப் போய் வந்தார்.

மார்ச் 27

நாலாம் திருநாள். புறப்பாட்டுக்குப் போனார், முன்வாரையில் நின்றார். மற்றவர்களை நேராக நடக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. குஞ்சம் மறுபடி சரிந்து நிமிர்ந்தது. தமிழாசிரியருக்கு ஏமாற்றம்.

பிற்பகலில் அப்பா கம்பை எடுத்து இடது கையில் பிடித்துக் கொல்லையில் நடந்து பார்த்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஈரப் புடவை நடுவில் தொங்கியது. அவருக்கு நான் தெரியவில்லை, எனக்கு அவருடைய நிழல் மட்டும் தெரிந்தது. இந்தக் கோடி, அந்தக் கோடி. நிழல் அவ்வளவாகச் சாயவில்லை.

மார்ச் 31

எட்டாம் நாள். இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு அப்பா புது வேட்டி கட்டினார். அம்மா கம்பை எடுத்துக் கதவருகே சாத்தினாள். அவர் எடுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் போய்விட்டார். அம்மா கம்பைத் தான் எடுத்துக்கொண்டாள்.

சன்னதித் தெரு நிறைந்திருந்தது. வெயில் தணிந்து எல்லாம் மஞ்சளாகிவிட்ட நேரம். குதிரை கோபுர வாசலை விட்டு வந்தது. முன்வாரை வலப்பக்கம் அப்பா. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவான நடையில் தெருவின் தொடக்கம் வரை சுமந்து வந்தார். அங்கிருந்துதான் ஓட்டம். ஓட்டத்துக்காகக் கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கயிறு பிடித்திருந்தார்கள். நடுவில் தெரு வெறுமையாக, தண்ணீர் தெளித்து, நீளமாகக் கிடந்தது.

அப்பா, "கலியா, தோள்" என்றார்.

தோள் மாற்றிக்கொள்ளக் கூப்பிடும் சொல் அது. கலியன் பின்வரிசையிலிருந்து வந்தான். அப்பா குனிந்து வெளியே வந்தார், அந்த இடத்தில் அவன் நுழைந்தான். பின்வரிசையில் காலியான இடத்துக்கு வேறொருவர் தோள் கொடுத்தார். குதிரை கொஞ்சமும் அசையவில்லை. அப்பா ஓரமாக ஒதுங்குவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஒதுங்க இடம் இல்லை. இரண்டு பக்கமும் கயிறு, கூட்டம். எதிரே வெறும் தெரு. அவர் அந்தத் தெருவில் நடக்கத் தொடங்கினார்.

அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து கம்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வலது கையில் வாங்கினார். "அந்தக் கையில்ல" என்றாள். மாற்றிக்கொண்டார்.

வீரப்பெருமாள் மாமா, பொறுங்கள் என்று கையை உயர்த்திவிட்டார். யாரும் வாகனத்தைத் தாங்குகட்டையில் இறக்கவில்லை. பதினாறு பேரும் தோளில் வைத்தபடி நின்றார்கள். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னய்யா தாமதம்?" என்று ஒரு குரல். "இருய்யா, ஒரு ஆளு நடக்குறாரு" என்று இன்னொரு குரல்.

சின்ன அடி. ஒரு நிறுத்தம். மறுபடி சின்ன அடி. ஊரே பார்க்க அந்த நீளத் தெருவை அப்பா தன்னுடைய சொந்த நடையில் நடந்து முடித்தார். பின்னால் பெருமாள் குதிரைமேல் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சம் அதற்குள் இறங்கவே இல்லை என்றுதான் நினைவிருக்கிறது. நாங்கள் கூட்டத்துக்குப் பின்னாலேயே ஓடி அந்த முனைக்கு வந்து சேர்ந்தபோது, அப்பா அம்மன் கோயில் படியருகே நின்று திரும்பினார்.

குதிரை வந்தது. மெதுவாக, பதுங்கி வந்தது. அவர் நிற்கிறாரே என்று பயந்து வந்தார்கள்.

"ஏன்டா ஊர்றீங்க?" என்று கத்தினார் அப்பா. "நேரா நில்லுங்கடா. ஓடுங்க."

பின்வாங்கினார்கள். மறுபடி வந்தார்கள். இந்த முறை ஓடினார்கள். முப்பத்திரண்டு கால்களும் முட்டியை நீட்டி, தண்ணீர் தெளித்த மண்ணில் திம் திம்மென்று, அவரவர் வயதில் ஓடி வந்தார்கள். கலியனின் கால் மற்ற எல்லாக் கால்களையும் இழுத்துக்கொண்டு வந்தது. குதிரை எங்களுக்கு முன்னால் வந்து நின்று, திரும்பி, ஓடியது. மூன்று முறை வந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

ஓட்டம் முடிந்து குதிரை வடக்குத் தெருவுக்குத் திரும்பிய பிறகு, படியில் உட்கார வைத்தோம். உட்காருவதற்கு நேரமாயிற்று. அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"செங்கமலம்" என்றார், குடிக்காமல். "ஓடி வர்றப்ப சாமி கழுத்து மாலை இவ்வளவு ஆடுமா?"

"நாப்பத்தோரு வருஷமா ஆடுது" என்றாள் அம்மா.